தட்டின் எடை

— அந்தப் பெட்டியில இருந்து கையை எடு.

— தூசிதான் தட்டினேன், அக்கா.

— தூசி என் வீட்டுத் தூசி. இருந்துட்டுப் போகட்டும்.

— வாசல்ல வண்டி நிக்குது. நான் என்ன சொல்றேன்னா, நீ திட்டறதை எல்லாம் திட்டி முடி, கேட்டுக்கறேன். ஆனா பெட்டி இன்னைக்கு என்கூட வருது.

— காலேஜ்ல பாடம் நடத்தினா அடுத்தவங்க வீட்ல உத்தரவும் போடலாம்னு யார் சொன்னா?

— உத்தரவு இல்ல. அழைப்பிதழ் அடிச்சாச்சு. பழைய கருவிகளுக்குன்னு ஒரு கூடம் திறக்கறோம். நடுவுல கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள அப்பா கேஜ் சோதிச்ச இந்தக் கருவி, கீழ பித்தளையில அப்பா பேர். 'இந்த ஊர் பாய்லர்களின் நீராவி அழுத்தம் காட்டும் கேஜ்களை எல்லாம் சோதித்துக் கொடுத்தவர்'னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன்.

— ரொம்ப அழகா இருக்கு. எழுதும்போது அழுதியா?

— உனக்கு எல்லாத்துலயும் நக்கல்.

— இல்ல, கேட்டேன். அப்பான்னா உனக்குக் கண்ணு வேர்க்குமே.

— உனக்குத்தான் வேர்க்காது. அவர் போன மறு மாசமே அவர் நாற்காலியில உட்கார்ந்தே. மில்லு, லாண்டரி, சாயப்பட்டறை, ஒண்ணு விடாம ஏறி இறங்கி அவர் கேஜ்ல வச்ச சீல் எல்லாத்தையும் உடைச்சு உன் சீல் வச்சே. சொந்தப் பொண்ணே அப்பன் பேரை அழிக்கிறாளேன்னு ஊரே சிரிச்சுது.

— ஊருக்கு வேற வேலை இல்ல. உனக்கும்தான்.

— அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் டீ கொண்டு வந்திருக்கேன். ஒண்ணுல சர்க்கரை போடலை.

— உங்களை யார் கேட்டாங்க? பெட்டி மேல வைக்காதீங்க. ஸ்டூல்ல வைங்க.

— பெட்டி மேல வைப்பேனா? மாமா கை பட்டது. நான் கிட்டவே போறதில்லம்மா. உங்க அக்கா போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கா.

— அத்தான், நீங்களே சொல்லுங்க. அப்பா பேர் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

— நான் என்னத்தைச் சொல்ல. மருமகனாச்சேன்னு பாய்லர்ல வேலை வாங்கிக் கொடுத்தார். நான் அவருக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தேன். பாய்லர் வெடிச்சப்போ கேஜ் முள்ளு எல்லையான நூறுக்குக் கீழ நின்ன மாதிரிதான் இன்னும் என் கண்ணுக்குள்ள இருக்கும்மா. ஆனா அவரே கோர்ட்ல ஏறி, கேஜ் நான் சோதிச்சது, அது சரி, ஆள்தான் தூங்கிட்டான்னு சொன்னப்புறம் என் கண்ணை நான் எப்படி நம்பறது? தூங்கித்தான் இருப்பேன். ரெண்டு உயிர் போச்சே.

— ஆரம்பிச்சாச்சா புராணத்தை? உள்ள போய்க் காயை நறுக்குங்க.

— என்ன காய்னு சொன்னா...

— இருக்கிற காய்.

— சரி, சரி.

— ஏன் அக்கா இப்படி? தெருவுல போறவனைக்கூட யாரும் இப்படி விரட்ட மாட்டாங்க.

— அதை நீ கேக்கறே. அவர் ஜெயில்ல இருந்து வந்த வருஷம் உன் கல்யாணம். பாய்லரை வெடிக்க வச்ச ஆள் முன் வரிசையில உட்கார்ந்தா மாப்பிள்ளை வீட்ல என்ன நினைப்பாங்க, வர வேண்டாம்னு சொல்லி அனுப்பினது யாரு?

— அப்பா சொன்னார், நான் சொன்னேன். அப்ப எனக்கு என்ன வயசு?

— இப்ப மட்டும் என்ன வயசு ஆயிடுச்சு? இன்னும் அப்பா சொன்னார்தான்.

— அதுக்குப் பழி வாங்கத்தான் பெட்டியைத் தர மாட்டேங்கறே.

— பழி வாங்கற அளவுக்கு உங்க யாரையும் நான் பெரிசா நினைக்கலை. அது இருக்கட்டும். கண்ணாடிக்குள்ள சும்மா வைப்பீங்களா, ஓட்டிக் காட்டுவீங்களா?

— ஓட்டித்தான் காட்டுவோம். காலேஜ்ல வாங்கின புது டிஜிட்டல் கேஜை இதுல மாட்டி, நூறு வருஷக் கருவி இன்னும் எவ்வளவு துல்லியமா இருக்குன்னு எல்லார் முன்னாடியும் நானே செஞ்சு காட்டப் போறேன்.

— நீயா?

— ஏன், எனக்குத் தெரியாதா? அப்பா மடியில உட்கார்ந்து கத்துக்கிட்டவ நான்.

— ஆமா. உனக்கு மடி. எனக்கு மண்ணெண்ணெய். அந்த எடைகளைத் துடைச்சுத் துடைச்சு என் கையில நாத்தமே போகாது. சோறு கசக்கும். சரி, திற பெட்டியை. அலமாரியில புது கேஜ் இருக்கு, கம்பெனி சீல் இன்னும் உடைக்கலை. மாட்டி ஓட்டு.

— இப்பவா? டிரைவர் காத்துட்டிருக்கான்.

— காத்திருக்கட்டும். அத்தனை பேர் முன்னாடி முழிக்கிறதைவிட என் முன்னாடி முழி.

— நான் ஒண்ணும் முழிக்க மாட்டேன். இந்தா, கேஜை மாட்டியாச்சு. இந்தப் பக்கம் தண்டு, அதுக்கு மேல தட்டு. தட்டுல எடையை வைக்கணும். ஒவ்வொண்ணும் பத்து பவுண்டு அழுத்தத்துக்கு. பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது. இப்ப இந்தத் திருகை முடுக்கினா உள்ள இருக்கிற எண்ணெய் தட்டைத் தூக்கும்.

— தூக்கிடுச்சு. அப்புறம்?

— அப்புறம் எடையைக் கையால லேசா சுத்தி விடணும். தண்டு எங்கேயும் உரசாம மிதக்கணும். பாரேன், சத்தமே இல்லாம எப்படிச் சுத்துது. அப்பா ஒத்தை விரலால...

— அப்பா விரலை விடு. கேஜைப் படி.

— அறுபது.

— எவ்வளவு வச்சே?

— ஐம்பது. உன் கேஜ் தப்பு.

— அப்படியே அவர் குரல். கேஜ் தப்புன்னா அவர் என்ன செய்வார்?

— முள்ளைக் கழட்டி ஐம்பதுக்கு நேரா வச்சுத் தட்டுவார். சீல் போடுவார்.

— நல்லா கத்துக்கிட்டிருக்கே. இப்ப எடையை எல்லாம் இறக்கு. தட்டை உருவி எடு.

— ஐயோ, உருவக்கூடாது. தண்டு வளைஞ்சிடும்னு அப்பா தொடவே விட மாட்டார்.

— அவரும் தொட மாட்டார். உருவு. திருப்பு. அடியில என்ன போட்டிருக்கு?

— தேஞ்சு போயிருக்கு.

— கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படி. படிக்கத்தானே உன்னை அனுப்பினாங்க.

— பத்து.

— தட்டும் தண்டும் சேர்ந்து பத்து. மேல நீ வச்சது ஐம்பது. கேஜ் காட்டினது அறுபது. இப்ப சொல்லு, எது தப்பு?

— அப்பாவுக்கு இதுகூடத் தெரியாம இருக்குமா?

— முதல்ல வச்சிருந்த கருவியில தட்டோட எடையையும் சேர்த்தே முதல் எடையில எண் போட்டிருந்தாங்க, தட்டைத் தனியா கூட்ட வேண்டாம். அது உடைஞ்சு போய் இதைப் பழசா வாங்கினார். கை பழைய பழக்கத்துலயே போச்சு. ஒரே ஒரு நாள் திருப்பிப் பார்த்திருக்கலாம். தான் வச்ச கணக்கைத் திருப்பிப் பார்க்கிறது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

— அப்ப அவர் சீல் போட்ட ஒவ்வொரு கேஜும்...

— பத்து குறைச்சுக் காட்டும். நெருப்பு அணைஞ்சா முள்ளு பூஜ்யத்துக்குக் கீழ போக முடியாம அங்கே இருக்கிற ஆணியில சாஞ்சு நிக்கும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. சேஃப்டி வால்வைக்கூட அந்த முள்ளைப் பார்த்துத்தான் முடுக்குவாங்க. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டின கிழட்டுப் பாய்லருக்கு அந்தப் பத்தே போதும். மத்த இடத்துல எல்லாம் வெடிக்கிறதுக்கு முன்னாடி நான் போய் அவர் சீல்களை உடைச்சேன். நீ ஊரோட சேர்ந்து சிரிச்சே.

— அத்தான் தூங்கலை.

— தூங்கலை. முள்ளைப் பார்த்துட்டுத்தான் நின்னிருக்கார்.

— உனக்கு எப்ப தெரிஞ்சுது?

— அப்பா போனப்புறம். முதல் தடவையா அந்தத் தட்டைக் கழுவினேன்.

— இத்தனை வருஷமாச்சு. அத்தான்கிட்ட சொன்னியா?

— இல்ல. குரலைத் தாழ்த்து.

— அக்கா, ஸ்டூல்ல டம்ளர் வைக்கிறதுக்குக்கூட அந்த மனுஷன் உன் முகத்தைப் பார்க்கறார். ரெண்டு பேரைக் கொன்னுட்டோம்னு நினைச்சு நினைச்சே கூன் விழுந்துடுச்சு. ஒரு வார்த்தை போதுமே. செத்துப் போன அப்பா பேருக்காகவா உயிரோட இருக்கிறவரை இப்படி வச்சிருக்கே?

— அப்பா பேரா? அந்தப் பேருக்காக நான் ஒரு தீக்குச்சி கிழிக்க மாட்டேன்.

— பின்ன? நீ சொல்லலைன்னா நான் சொல்றேன். அழைப்பிதழ் போனா போகுது, கூடம் போனா போகுது. இப்பவே உள்ள போய்ச் சொல்றேன்.

— நில்லு. பாய்லர் வெடிக்கிறதுக்கு முன்னாடி அவர் எப்படி இருந்தார்னு ஞாபகம் இருக்கா?

— இல்லாம என்ன? நிமிர்ந்து நடப்பார். பாடிக்கிட்டே வருவார். அவர் வந்தா வீடே சிரிக்கும்.

— உங்க வீடு சிரிக்கும். என் வீட்டுக்கு அவர் எங்கே வந்தார்? பாய்லர் கொட்டகைக்குப் பின்னாடித் தெருவுல ஒருத்தி இருந்தா. வேலை முடிஞ்சா நேரா அங்கே. ராத்திரிக்கு மூடி வச்ச சோறு மறுநாள் அப்படியே இருக்கும். என்னைக்காவது சட்டை மாத்த வந்தா, உங்க அப்பன் என் தலையில கட்டின மூட்டைன்னு என்னைத் தாண்டிக்கிட்டுப் போவார்.

— அதுக்குத்தான் இந்தத் தண்டனையா?

— என்னம்மா, அங்கே சத்தம்? கூப்பிட்டீங்களா?

— கூப்பிடலை. நீங்க அங்கேயே இருங்க.

— சரி, இங்கேயேதான் இருக்கேன்.

— கேட்டியா, அக்கா? பாவமா இருக்கு எனக்கு. எவ்வளவு பெரிய தண்டனை.

— தண்டனைன்னு யார் சொன்னா? அந்தத் தப்பு தன்னோடதுன்னு நினைக்கிற வரைக்கும்தான்டி அவர் என்கூட இருப்பார்.