சடையில்லாதவளின் சடை நிழல்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மருத்துவப் பெருமக்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் மருந்துச்சீட்டுமாக நிற்கும் தாய்மார்களே! இடமில்லாமல் படிக்கட்டில் அமர்ந்திருக்கும் என் சொந்தங்களே! வணக்கம்.

இந்த மருத்துவமனைக்குப் புதிய ஸ்கேன் கருவி வந்திருக்கிறது, வாழ்த்திப் பேசுங்கள் என்றார்கள். வாழ்த்துகிறேன். வயிற்றெரிச்சலோடு வாழ்த்துகிறேன்!

என் தங்கை லேத் பட்டறையில் இரும்பு கடைபவள். சுழலும் எந்திரத்தில் சிக்கக் கூடாதென்று முடியை ஒட்ட வெட்டிக்கொண்டவள். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று கூப்பிட்டாள். "அக்கா, இங்க பாரேன். மூஞ்சில இந்தப் பக்கம் மட்டும் வேர்க்கவே மாட்டேங்குது. இமையும் தொங்குது." தோள்பட்டைக்குக் கீழே குத்தலும் இருந்தது.

இங்கேதான் அழைத்து வந்தேன். மார்பைப் படமெடுத்தார்கள். மேலே, முதுகெலும்பை ஒட்டி, உருண்டையாக ஒரு நிழல். எங்கோ ஓர் அறையில் படம் பார்த்தவர், பெண் பெயரைப் பார்த்ததுமே முடிவு கட்டி எழுதிவிட்டார். எதிரே இருந்த டாக்டர் அதை அப்படியே வாசித்தார்: "சடையோட நிழல்தாம்மா. டென்ஷனைக் குறைச்சுக்கோ."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

"சார், எனக்குச் சட..." என்று வாயெடுத்தாள். "சுருக்கமா சொல்லும்மா, ஆளுங்க நிக்கிறாங்க!" டாக்டரின் குனிந்த தலை நிமிரவேயில்லை.

அங்கே யார் கைக்கடிகாரத்தைக் காட்டுவது? நானும் சுருக்கமாகப் பேச வேண்டுமா? மாட்டேன் ஐயா!

நிழல் வளர்ந்தது. கால் மரத்தது. பட்டறையில் நிற்க முடியாமல் விழுந்தாள். வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த சர்ஜன் அம்மா படத்தைத் தொடவில்லை. முதலில் முகத்தைப் பார்த்தார். "எப்ப இருந்தும்மா இந்த இமை இப்படி இருக்கு?" உடனே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நெஞ்சுக்குள், இமைக்கும் முகத்து வேர்வைக்கும் போகும் நரம்பில் வளர்ந்த கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் தண்டுவடத்தை நெருக்கத் தொடங்கியிருந்தது. விலாவில் சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, நரம்பு மருத்துவரும் கூட நின்று, எடுத்தார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றார்கள்.

அபூர்வமான கட்டி, யாருக்குத் தெரியும் என்கிறார்கள். நோய் அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்ப்பதுமா அபூர்வம்? நிமிர்ந்து பார்ப்பதற்குமா கருவி வாங்க வேண்டும்?

தங்கச்சி, எழுந்திரு! படியேறி மேடைக்கு வா. மெதுவா வாம்மா... வந்துட்டா பாருங்க! இமை இன்னும் தொங்குகிறது, கால் நடக்கிறது.

தலைவர் ஐயா, படம் வேண்டாம், இவளைப் பாருங்கள். சடை எங்கே?

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் இருவரின் நன்றியும் வணக்கமும்.