அண்ணனுக்கு ஒதுக்கிய பாகம்

கொஞ்சம் கிட்டே வாருங்கள், சத்தமாகச் சொல்கிற கதையில்லை இது. என் சிநேகிதனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நாங்களும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவோம்.

பொழுது சாயும் நேரம்... ஆறரை மணி. ஈ காக்கை இல்லாத ரோடு. அத்தானின் காரில், பின்சீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். இறந்துபோன அவருடைய அண்ணனுடையது.

பழைய மெஷின்களை ஓடவைப்பதுதான் அத்தானின் தொழில். "எதையும் அழிச்சிடாதீங்க தம்பி, அவர் எழுதினதெல்லாம் அதுலதான் இருக்கு" என்று அண்ணி கெஞ்சியிருந்தார். வழியெல்லாம் காருக்குள் தைல வாசனை. அண்ணன் தலைவலிக்குத் தேய்க்கிற அதே தைலம்.

பழைய டிஸ்க் என்றால், அதில் இருப்பதையெல்லாம் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் அத்தான் அதன் இடத்தைப் பாகம் பாகமாகப் பிரிப்பார். மிச்சம் வைத்தால் வம்பு என்பார். அன்றைக்கு மனசு வரவில்லை. துடைக்காமலே மூன்றாகப் பிரித்தார். முதல் பாகம், மெஷின் கிளம்புவதற்கு. மூன்றாவதில் அண்ணன் எழுதியது. நடுவில் சும்மா கிடந்த இடத்தில் தன்னுடைய படங்களையும் குறிப்புகளையும் போட்டுக்கொண்டார். "வெட்டுக்குத்து இல்லாத பாகப்பிரிவினை" என்று அக்காவிடம் சிரித்தாராம்.

மறுநாள் காலை மெஷினைப் போட்டார். கட்... கட்... கர்ர்ர். கிளம்பிவிட்டது. ஆனால் அண்ணனின் பாகம் கொஞ்சம் பெருத்திருந்தது. இவருடையது அந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது. நம் கைத்தப்புதான் என்று திரும்பப் பிரித்துவைத்தார். அடுத்த நாளும் அதே கதை. இந்த முறை இவர் பாகத்தில் இருந்த மகளின் படங்களைக் காணவில்லை.

அன்று சாயங்காலம் மகள் பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை நின்றாள். கூட்டிவர வேண்டியவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். "யாரைக் கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டார்.

அக்கா மெஷின் பக்கம் கையை நீட்டினாள். "அந்தச் சனியனை முதல்ல துடைச்சுப் போடுங்க."

"அண்ணிக்கு வாக்குக் கொடுத்துட்டேனே."

வயரைப் பிடுங்கி, மெஷினைப் பரணில் ஏற்றி, கதவைச் சாத்தினாள் அக்கா. கரண்ட் இல்லை, ஒன்றுமில்லை. ஆனாலும் மேலே... கட்... கட்... கர்ர்ர். விடியும்வரை ஓடியது. பிறகு நின்றுவிட்டது. ஒருவழியாக முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

மத்தியானம் வாசலில் மணி அடித்தது. திறந்தால் அத்தான். சாவி கையிலேயே இருந்தது, ஆனால் உள்ளே வரவில்லை. நெற்றியில் தைலம் மின்னியது. அவளைப் பார்த்து மரியாதையாக ஓரடி ஒதுங்கி நின்றார்.

"தம்பி வீட்ல இல்லையாம்மா?" என்று கேட்டார்.