நாலு கதவு வைத்த ஜெபக்கூடம்

பள்ளிக்கூடம் மிதிக்காத நான், விஸ்வநத்தம் பக்கம் கருவேலங்காட்டை அழித்துக் கிணறு வெட்டினேன், பாதை போட்டேன், தீப்பிடித்தால் ஓடித் தப்பிக்க நாலு கதவு வைத்துப் பட்டாசு ஷெட்டும் கட்டினேன். இப்போது சுற்றிலும் அடுக்குமாடி. மிஞ்சிய ஷெட்டில் வெளியூர் பாஸ்டர் ஒருவர் அந்தப் பகுதியின் முதல் சபையைத் தொடங்கியிருக்கிறார்.

நேற்று சிவகாசி பஸ்ஸில், முன்பு என்னிடம் வேலை பார்த்த இரண்டு பெண்கள் முன்சீட்டில். பின்னால் நான் இருப்பதைப் பார்க்கவில்லை.

"மதினி, ஜெபத்துல பாதியில ஓடியாந்துட்டீகளாமே?"

"பின்ன? ஆளுக்கொரு மெழுகுவத்தியக் குடுத்துட்டு, பாஸ்டர் அந்த ஷெட்டுக்குள்ள தீக்குச்சிய உரசுறாருடி! பட்டாசு வேலையில தீயக் கண்டா ஓடியே பழகுன காலு நிக்குமா? நாலு கதவு வழியாவும் அம்புட்டுப் பேரும் வெளிய!"

"பாஸ்டரு?"

"ஒத்தையா நின்னு முழிச்சாரு. சாத்தான் வெரட்டிருச்சாம்."

"அடுத்த வாரமும் ஆளு வரலைன்னா சபையை மூடிருவாராமே?"

"நான் போவேன். எம் புள்ளைக்காக அழுது ஜெபிச்ச மனுசன். டியூப்லைட்டு போதும்னு சொல்லணும்."

சபையை நிறுவியவர் என்று பாஸ்டர் பெயரைக் கல்லில் வெட்டப்போகிறார்களாம். தாராளமாக வெட்டட்டும். ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காமல் அவருடைய சபை முழுசாக வெளியே வந்தது என் கதவால். கதவு வைத்தவன் பெயரும் அந்தக் கல்லில் வர வேண்டும், அதே அளவு எழுத்தில்.