எண்ணிக்கை ஏறியது, எவரும் வரவில்லை

(பினாங்கு இணையப் பக்கத் தொழிலாளர் தமிழ் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில், 1999 டிசம்பரில், ஜார்ஜ்டவுனில் கதிர்காமநாதன் ஆற்றிய உரை)

இனி அரை மணி நேரத்துக்கு இந்த ஒலிபெருக்கியையும் என்னையும் ஒருசேரப் பொறுத்துக்கொள்ளப்போகும் அவைத்தலைவர் அண்ணன் விநாசித்தம்பி அவர்களே. முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் மூத்தோர்களே. கணவன்மார் உண்மையிலேயே கூட்டத்துக்குத்தான் போகிறார்களா என்று கண்டறிய உடன் வந்திருக்கும் தாய்மார்களே. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்த என் தொழில் தோழர்களே. உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தலைவர் என்னை 'வலையுலக வித்தகர்' என்று அறிமுகம் செய்தார். ஆகவே முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் காலையில், பல் துலக்குவதற்கும் முன்னால், நான் கணினியைத் திறந்து என் பெயரையே தேடுகிறேன். முதலாவதாக வருபவர் கொழும்பில் ஒரு பல் வைத்தியர். இரண்டாவதாக வருபவரும் அவரே. என் முறை வருவதற்குள் என் மனைவி பத்மாவதி தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிவிடுவாள். "உங்களையே உங்களுக்குக் கிடைக்கல. மத்தவங்கள எப்படி லா முன்னுக்குக் கொண்டு வருவீங்க?" என்று கேட்பாள்.

சிரியுங்கள். பின்வரிசை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் தேடுகிறார் போலிருக்கிறது.

தோழர்களே, நம் தொழில் என்ன? தேடுபவர் கண்ணில் நம் வாடிக்கையாளரின் பக்கம் முதலில் பட வேண்டும். அதற்கு வழி செய்வது நம் தொழில். சரி. தேடுபவர் யார்? தெரியாது. எதைத் தேடினார்? தெரியாது. வந்தவர் நின்றாரா, நிலைத்தாரா, நொடியில் ஓடினாரா? தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: அந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டியபடி பக்கத்தின் அடியில் ஓடும் எண்ணிக்கைப் பெட்டி. அது ஏறினால் நமக்கு ஏற்றம். அது இறங்கினால் நமக்குக் காய்ச்சல்.

அந்தப் பெட்டியை நம்பிப் பாழாகப் போன ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். பாழாக்கப் பார்த்தவர்கள் இருவர். ஒருவர் என் கூட்டாளி அந்தோணிராஜ். இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரிய மருத்துவமனைக்குப் பின்தெருவில் பழைய வாடகை வீட்டில் தங்கும் விடுதி நடத்துகிறவர் ஞானாம்பிகை அக்கா. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து கப்பலேறி வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தாம் அவருடைய விருந்தினர்கள். நோயாளிக்குக் கஞ்சி, கூட வந்தவருக்குக் கட்டில், அழுகிறவருக்குத் தேநீர். அதுதான் அவர் விடுதி. பழைய வீடுகளின் வாடகையை ஏற்றவிடாமல் தடுத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த ஆண்டோடு முடிகிறதல்லவா? வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டார்: "அக்டோபருக்குள்ள புது வாடகைக்குக் கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா சாவியக் குடுங்க." அக்கா பயந்துபோய் எங்களிடம் வந்தார். அறைகள் நிறைந்தால் வீடு நிற்கும். நிறையாவிட்டால் வீடு போகும்.

நாங்கள் என்ன செய்தோம்? பக்கத்தின் உச்சியில் ஒரு தென்னை மரம் போட்டோம். தென்னைக்குக் கீழே கடல் போட்டோம். கடலுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் போட்டோம். அக்கா வீட்டிலிருந்து தெரிகிற ஒரே கடல் காப்புறுதிக் கம்பெனி கொடுத்த நாட்காட்டியில் இருக்கிறது. அதற்கும் மேலாக, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், மனிதர் கண்ணுக்குத் தெரியாமல், தேடுபொறி மட்டும் படித்து ஏமாறும்படி, 'பினாங்குக் கடற்கரை விடுதி, பினாங்குக் கடற்கரை விடுதி' என்று பக்கம் முழுக்க அந்தோணிராஜ் அடித்துத் தள்ளினார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் அவர். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை.

அக்கா ஒரே ஒரு வரி கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், கஞ்சி கிடைக்கும்னு போடுங்க தம்பி." கடற்கரையில் கஞ்சியா? அந்தோணிராஜ் முகம் சுளித்து, எறும்பு மட்டும் படிக்கிற அளவில் பக்கத்தின் காலடியில் அதைப் போட்டார்.

பிறகு அவர் விடுதியின் பெயரை முழுதாகத் தட்டித் தேடிக் காட்டினார். முதல் இடம்.

"பாருங்க அக்கா, உலகத்துலயே நீங்கதான் முதல்."

"என் பேர யாரு லா தேடப்போறாங்க?"

"உலகம் தேடும் அக்கா."

அக்காவுக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. கலங்காமல் இருந்தது கணினி ஒன்றுதான்.

இனி எண்ணிக்கைப் பெட்டிக்கு வருவோம். தொடக்கத்தில் அது அசையவில்லை. ஆயர் ஈத்தாமில் அலாவுதீன் அண்ணன் இணைய மையம் வைத்திருக்கிறார். அங்கே எந்தக் கணினியைத் திறந்தாலும் அக்காவின் பக்கம்தான் முதலில் வரும்படி அந்தோணிராஜ் அமைத்துவிட்டார். "சும்மா ஒரு தள்ளு தள்ளிவிட்டா போதும், அண்ணே. அப்புறம் அதுவா ஓடும்." தள்ளினோம். ஓடியது. தள்ளியதை மறந்துவிட்டோம். இதுதான் தோழர்களே நம் இனத்துக்கே உரிய நோய்: நாமே பொய் சொல்லி, நாமே அதை மறந்து, நாமே அதை நம்பிவிடுவது.

ஜூன் மாதத்தில் பெட்டி பினாங்குக் கொடிமலை போல நிமிர்ந்தது. எட்டாயிரம் பேர். நான் வண்ண வண்ணமாக வரைபடம் வரைந்தேன். "விடுமுறைக் காலத்தில் ஐரோப்பியர் ஆர்வம் அலைமோதுகிறது" என்று ஓர் அறிக்கையும் எழுதினேன். விடுமுறைதான், ஐயா. பள்ளி விடுமுறை. ஆயர் ஈத்தாம் மாணவர் படை அலாவுதீன் கடையில் விளையாட வந்து, ஒவ்வொரு முறையும் தென்னை மரத்தைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறது.

என் அறிக்கையை நம்பினார் அக்கா. ஐரோப்பியருக்காக அறைகளைக் காலியாக வைத்தார். புதுத் திரைச்சீலை தொங்கவிட்டார். கஞ்சிப் பானையைக் கவிழ்த்து வைத்தார். ஆண்டுதோறும் தாயாரை இதய வைத்தியத்துக்கு அழைத்து வருகிற மேடான் சல்மா வாசலில் வந்து நின்றபோது, அந்த ஞானாம்பிகை அக்கா, அழுகிறவருக்குத் தேநீர் கொடுக்கிற அக்கா, "இந்தத் தடவ வேற எடம் பாத்துக்கோம்மா, வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க" என்று சொல்லி அனுப்பினார். நோயாளித் தாயையும் பெட்டியையும் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் வெயிலில் நடந்து போனாள். போகச் சொன்னது யார்? அக்காவா? இல்லை. என் வண்ண வரைபடம்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நல்லது.

ஆகஸ்டில் அக்கா எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். உட்காரவில்லை. "தம்பி, எட்டாயிரம் பேர் வந்தாங்கன்னீங்க. அதுல ஒருத்தருக்காவது பசிக்கலையா? காலையில சாப்பாடு உண்டான்னு ஒரு ஆள் கூட போன் பண்ணிக் கேக்கல."

அந்தோணிராஜ் மேற்கூரையைப் பார்த்தார். நான் அந்தோணிராஜைப் பார்த்தேன்.

எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பக்கத்தைத் தாங்கும் கணினி வரி வரியாகக் குறித்து மாதந்தோறும் எங்களுக்கு அனுப்பியே வந்தது. நாங்கள் அதைத் திறந்ததில்லை. அதில் படம் இல்லை.

அன்று அக்கா முன்னிலையில் திறந்தோம். எட்டாயிரத்தில் பெரும்பகுதி ஆயர் ஈத்தாம். விடுதியின் பெயரைத் தட்டித் தேடியவர் உலகத்திலேயே இருவர்: அந்தோணிராஜும் அக்காவும். மிச்சமிருந்தவர்கள் கைவிரல்விட்டு எண்ணும் அளவு. அத்தனை பேரும் இந்தோனேசியாவிலிருந்து. அத்தனை பேரும் தட்டிய சொற்கள்: மருத்துவமனை, பக்கத்தில், அறை, கஞ்சி. எறும்பு படிக்கிற அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு வந்து, கறுப்புக் கண்ணாடிக்காரியைப் பார்த்து மிரண்டு, அடுத்த நொடியே ஓடியிருக்கிறார்கள்.

அக்கா திட்டவில்லை. "அந்தப் பொம்பளைய எடுத்துருங்க தம்பி," என்றார். அவ்வளவுதான்.

எடுத்தோம். தென்னையை வெட்டினோம், கடலை வற்றடித்தோம், வெள்ளை எழுத்தைத் துடைத்தோம். கஞ்சியை உச்சியில் ஏற்றினோம். அலாவுதீன் கடையிலிருந்தும் பக்கத்தை நீக்கினோம். எண்ணிக்கைப் பெட்டி எலும்பும் தோலுமாக இளைத்தது. ஆனால் செப்டம்பரில் அறைகள் நிறைந்தன. சல்மா மீண்டும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாராம்: "போட்டோல கடல் போட்டிருந்தீங்களே அக்கா, வித்துட்டீங்களா?" அக்டோபரில் அக்கா துணிந்து புது வாடகைக்குக் கையெழுத்துப் போட்டார்.

தோழர்களே! ஏறுகிற எண்ணைக் கண்டு எழுந்து ஆடாதீர்கள். அதை உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள். நீ யார்? எங்கிருந்து வந்தாய்? எதற்கு வந்தாய்? என்னைப் பார்த்ததும் ஏன் ஓடினாய்? கேட்கத் தெரியாதவன் கையில் தரவு என்பது குரங்கு கையில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. கேட்கத் தெரிந்தவன் கையிலோ, அது ஒரு வீட்டைக் காக்கும். ஒரு தாய்க்குக் கட்டில் கொடுக்கும். கவிழ்த்த பானையை நிமிர்த்தும். எண்ணை வாசிக்கத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று இந்த மேடையில் அடித்துச் சொல்வேன்!

கைதட்டலுக்கு நன்றி. பொறுத்திருந்த தலைவருக்கு நன்றி, பசித்திருக்கும் தாய்மார்களுக்கு நன்றி. ஞானாம்பிகை அக்காவையும் அழைத்திருந்தேன். வீடு நிறைந்திருப்பதால் வர முடியவில்லை.

ஒரு சின்னத் தகவலோடு விடைபெறுகிறேன். இன்று காலை பேருந்தில் வரும்போது, மருத்துவமனைக்கு நேர் எதிரே இருக்கும் பெரிய விடுதியின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். கூரை மாற்றுவதற்காக அதை ஆகஸ்ட் கடைசியிலிருந்து மூடியிருக்கிறார்கள். ஜனவரி முதல் தேதி திறக்கிறார்களாம். அக்காவின் புது வாடகையும் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. செப்டம்பரில் அக்காவின் அறைகளை நிறைத்தது நம் கஞ்சியா, அந்தக் கூரையா என்று நான் இன்னும் எண்ணிடம் கேட்கவில்லை. வணக்கம்.