நல்லா இருக்கிற பார்ட்ஸ்

தீவிலிருந்து சென்னை போகும் கப்பலுக்கான டிக்கெட் வரிசை நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால், நகக்கண்ணில் கிரீஸ் படிந்த ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக், மனைவியிடம் கேட்டார்:

“நல்லா இருக்கிற பார்ட்ஸை எவனாவது கழட்டுவானா?”

“உங்க கால்ல இருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிடக் கூடாதுன்னுதானே, கழுத்துல சின்னதா ஓட்டை போட்டு, வயித்து ரத்தக்குழாய்ல அந்தக் கம்பிவலையை வச்சாங்க? கட்டிதான் கரைஞ்சிடுச்சே. இனி வலையே அடைச்சுக்கும், சீக்கிரம் சென்னைக்கு வந்து எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அரே, மெயின்லேண்ட்ல இருந்து ஒரு போல்ட் வரவே ஒரு மாசம் ஆகுது. நாளைக்கு மறுபடி கட்டி வந்தா, ஸ்பேருக்கு எங்க போவேன்? நம்ம ஜங்லிகாட் பஜார் பூரா தேடினாலும் கிடைக்குமா?”

“ரெண்டு தடவை டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டீங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.”

கவுன்ட்டர் திறந்தது. அவர் அசையவில்லை.

“கழட்டினதை என் கையில குடுக்கச் சொல்லு, வர்றேன். பக்கா.”

“கேட்டு வாங்கித் தர்றேன், கடைச் சுவத்துல மாட்டிக்குங்க,” என்று அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார் மனைவி. “இல்லேன்னா, அங்க உங்க போட்டோவைத்தான் மாட்டணும்.”