பேருக்கு ஒரு எதிராளி

— கோட்டை, லொரெட்டா! உங்க மருத்துவ ரகசியத்தைச் சுத்தி ஒரு கோட்டையே கட்டியிருக்கேன். எதிர்த்தரப்புல, நீங்க பிறந்த நாள்லேர்ந்து எல்லா ஆஸ்பத்திரிக் காகிதமும் வேணும்னாங்க. கார் விபத்துல அடிபட்டது கழுத்து, கழுத்துக் காகிதம் மட்டும்தான், அதுவும் அஞ்சு வருஷத்துக்குன்னுட்டேன்.

— கேக்க நல்லாத்தான் இருக்கு, மிஸ்டர் கிரைடர். பஸ் முதுகுல உங்க போட்டோவுக்குக் கீழயும் இப்படித்தான் ஏதோ எழுதியிருக்கு.

— ‘உங்கள் வலி, எங்கள் வழக்கு.’ நானே எழுதினது.

— தெரியுது. கோட்டைக்கு வாசல் கீசல் உண்டா?

— கிடையவே கிடையாது. ஒரு சின்னப் பட்டியல் மட்டும் கொடுத்திருக்கேன்.

— என்ன பட்டியல்?

— தர மறுத்த காகிதங்களோட பட்டியல். எதை மறைச்சோம்னு சொல்லிட்டுத்தான் மறைக்கணும், அதுதான் நடைமுறை. உள்ள இருக்கறதுல ஒரு வரி கொடுக்கல. தேதி, ஆஸ்பத்திரி, பிரிவு. அவ்வளவுதான்.

— எந்தப் பிரிவு?

— இருங்க, கண்ணாடி… ஆங். ‘மார்ச் 1991. டொலீடோ மருத்துவமனை. மகப்பேறு. நோயாளியின் வயது பதினேழு. தர மறுக்கப்படுகிறது.’ அந்த ‘மறுக்கப்படுகிறது’ல ஒரு கம்பீரம் இருக்கு பாருங்க!

— கடவுளே.

— அழுத்தமா விழுந்திருக்குல்ல?

— பள்ளிக்கூடச் சமையல்கட்டுல இருபது வருஷம் வேலை பாத்திருக்கேன். தட்டை அலுமினியத் தாளால மூடிட்டு, மேல ‘உள்ளே மீன்’னு எழுதி ஒட்டுவோம். எதுக்கு? திறக்காமலே தெரியணும்னு. நீங்க ஒட்டிட்டீங்க.

— சட்டத்தின் பார்வையில்—

— பார்வை இருக்கட்டும், மூளை இருக்கா? பெத்து, மூணாம் நாள் தத்துக் கொடுத்துட்டு வந்தேன். எங்கம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அம்மா போயாச்சு. என் வீட்டுக்காரருக்கு இது போகக்கூடாதுன்னு முதல் நாளே தலைதலையா அடிச்சுக்கிட்டேனா இல்லையா?

— அதனாலதானே இந்தக் கோட்டை—

— கோட்டையை விடுங்க! பட்டியலை யாரு பாப்பாங்க?

— நீதிபதி. எதிர்த்தரப்பு வக்கீல். எதிராளி. வெளியில ஒரு ஈ, காக்கா பாக்காது.

— எதிராளின்னா இன்சூரன்ஸ் கம்பெனி.

— பணம் கம்பெனியோடது. ஆனா வண்டியைக் கொண்டுபோய் மரத்துல விட்டவர் பேர்லதானே கேஸ் போட முடியும்? ‘லொரெட்டா எதிர் டுவேன்.’ சம்மன் வந்தப்போ அவரே வாங்கிக்கிட்டாரே!

— ஆமா, ‘என் பெண்டாட்டி என்மேல கேஸ் போட்டிருக்கா’ன்னு பௌலிங் விளையாடற இடமெல்லாம் காட்டிச் சிரிச்சார். அது பேருக்குத்தானே? நீங்கதானே சொன்னீங்க, வெறும் பேருக்குன்னு!

— பேருக்குத்தான். ஆனா நகல்… அதுவும் அந்தப் பேருக்குத்தான் போகும். அவருக்காகக் கம்பெனி வெச்ச வக்கீல் எதையும் விடாம அனுப்பி வைப்பார்.

— எந்த விலாசத்துக்கு?

— எதிராளி வீட்டு விலாசத்துக்கு.

— அது என் வீடு, மிஸ்டர் கிரைடர்.

— திங்கக்கிழமை தபால்ல போட்டிருப்பாங்க. இப்பவே போய்ப் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டீங்கன்னா—

— கழுத்துல இந்தப் பட்டையோட எப்படி வண்டி ஓட்டறது? எதிராளிதான் கொண்டாந்து விட்டார். கிளம்பறப்போ தபாலையெல்லாம் அள்ளிக்கிட்டார். ‘நீ வர்ற வரைக்கும் பொழுது போகணுமே’ன்னார்.

— இப்ப எங்க இருக்கார்?

— உங்க ஜன்னலுக்குக் கீழ. உங்க மூஞ்சி போட்ட பலகையடியில.

— அந்தப் பச்சை வண்டியா? கதவு திறந்தபடி கிடக்கு. நடைபாதை விளிம்புல உக்காந்திருக்கார். கையில ஏதோ காகிதம்… லொரெட்டா, மனசைத் தேத்திக்குங்க. கல்யாணத்துக்கு முந்தி, சின்ன வயசுல நடந்தது. நல்ல மனுஷனா இருக்கார், மன்னிச்சுடுவார்.

— மன்னிப்பார். என்னை எப்பவும் மன்னிப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லாததுக்குக் குறை எங்கிட்டன்னு இருபத்தாறு வருஷமா அந்த மனுஷனை நம்ப வெச்சிருக்கேன்.