மஞ்சள் சீட்டு

பென்சிலை நான் பிளேடால்தான் சீவுவேன். மெஷினில் சீவினால் முனை கூராக வரும், ஆனால் பத்துக் காகிதத்துக்கு மேல் தாங்காது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால் ஐயா, நீங்கள் கேட்டு வந்திருக்கும் விஷயம் ஒரு பென்சில் குறியில்தான் இருக்கிறது.

எங்கள் நகராட்சியில் திட்டப் பிரிவு என்பது ஒரே அறை. இரண்டு மேசை, நான்கு பீரோ, தண்ணீர் சொட்டும் ஏசி. சாலை, நடைபாதை, சிக்னல் எல்லாவற்றையும் நகராட்சியே கட்டும். பணம் பாதி மாநில அரசிடமிருந்தும் பாதி மத்திய அரசிடமிருந்தும் வரும். கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் என்பதால் விதிப்புத்தகமும் இரண்டு. இரண்டிலும் ஒன்றுபோல இருப்பது ஒரு விதி: ஒவ்வொரு திட்டத்துக்கும் நகராட்சி ஆள் ஒருவர் முழுப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். எல்லாக் காகிதத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். எங்கள் பொறுப்பாளர் என் அக்காவின் கணவர். வீட்டில் அத்தான், ஆபீசில் சார்.

அவர் எதையும் படிக்க மாட்டார். நான் எல்லாவற்றையும் படிப்பேன். கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். படித்துவிட்டுப் போட வேண்டிய காகிதம் என்றால் மேல் மூலையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவேன். மஞ்சளைப் பார்த்தால் போனை வைத்துவிட்டு, "இதுல என்ன வில்லங்கம்?" என்பார். சொல்வேன். ஆறு வருடமாக இப்படித்தான் நடந்தது. இந்த ஏற்பாடு எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. அதனால்தான் உங்களுக்கு முன்னால் விசாரித்தவர்களுக்கு அது தெரியவில்லை.

நடைமேம்பால வேலை ஆரம்பித்த மாதம் மத்திய அலுவலகத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பெரிய சாலையைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்காகக் கட்டும் பாலம் அது. சக்கர நாற்காலி ஏறும் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அத்தான் தப்பாகச் சொன்னார். தப்பு பதிவாகிவிடக் கூடாதே என்று நான் சரியானதைச் சொன்னேன். கேட்டவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு அத்தான் சிரித்தார்.

"என் மச்சினிச்சி சார். கல்யாணமும் அமையல, வேலையும் அமையல, பாவம்னு நான்தான் இங்க சேர்த்துவிட்டேன். ரெண்டு புத்தகத்தைப் புரட்டிட்டு இப்ப நமக்கே பாடம் எடுக்குது." எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "போம்மா டீச்சரம்மா, சாருக்கெல்லாம் டீ சொல்லு" என்றார்.

சொன்னேன். சர்க்கரை வேண்டாதவர் யார் என்றுகூடக் கேட்டுக்கொண்டுதான் போனேன். நான் கோபக்காரி இல்லை. அன்று வீட்டில் சாப்பிடும்போது என் குரலில் பேசிக் காட்டி அதே கதையை மறுபடி சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் மகள், பட்டாணி என்று கூப்பிடுவோம், ஏழு வயது, அம்மா சிரித்ததால் சிரித்தது. மறுநாளிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எனக்கு டீச்சரம்மா என்றே பெயர்.

கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாளும் அதிலிருந்து சில கட்டிகளை வார்த்துத் தனியே எடுத்து வைப்பார்கள். இருபத்தெட்டாம் நாள் அவற்றைப் பரிசோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்து, பலம் எவ்வளவு என்று எழுதி அனுப்புவார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்துத் தளத்தைப் போட்ட அன்று நல்ல மழை. அதற்கான கடிதம் வந்தபோது நான்தான் பிரித்தேன். இருக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை. உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்று அர்த்தம்.

மஞ்சள் சீட்டுக் கட்டு என் இடது கைப்பக்கம்தான் இருந்தது. ஒன்றைக் கிழித்தும்விட்டேன். அந்த நேரம் அத்தான் போனில் யாரிடமோ, "இருங்க, நம்ம டீச்சரம்மாகிட்ட உத்தரவு வாங்கிட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சீட்டை என் மேசை விளிம்பில் ஒட்டினேன். கடிதத்தின் அடியில் 'பார்த்தேன்' என்று அச்சடித்திருந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் கட்டோடு கட்டாக வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் எதையும் மறைக்கவில்லை ஐயா. கடிதம் கோப்பில், அதற்குரிய இடத்தில், எண்ணிட்டு இருக்கிறது. பாலத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு அரசு ஆட்களும் வந்து கோப்பைப் புரட்டினார்கள். அவர்களும் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

அந்தத் தளம் இடிந்து விழுந்து ஒன்பது பேர் போனபோது பொறுப்பாளர் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. விசாரணையில் அத்தான் திரும்பத் திரும்ப, "மஞ்சள் சீட்டு ஒட்டலை சார், ஒட்டலை" என்றாராம். பெரிய மனிதர்கள் சிரித்திருக்கிறார்கள். அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: 'குமாஸ்தா, கோப்புகளின் பொருள் அறியாதவர்.' அந்த வரியை மாற்றச் சொல்லித்தான் உங்களுக்கு எழுதினேன். நான் பொருள் அறியாதவள் இல்லை. அந்த அறையில் அறிந்த ஒரே ஆள் நான்தான். பாலம் என்றைக்காவது விழும், விழுந்தால் அவர் கையெழுத்தின் மேல்தான் விழும் என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

பட்டாணியைப் பற்றியும் கேட்கிறீர்கள். பாலம் திறந்த நாளிலிருந்து அவளைப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். பாலத்தில் ஏற்றவில்லை. சிக்னல் வரைக்கும் சுற்றி நடந்து, சாலையில் கடந்து போவோம். "எல்லாரும் மேல போறாங்க, நாம மட்டும் ஏன் சித்தி சுத்திப் போறோம்?" என்று தினமும் நச்சரிப்பாள். நடந்தால் கால் நீளமாக வளரும் என்று சொல்லி வைத்திருந்தேன். நாற்பத்தோரு நாள், வெயிலானாலும் மழையானாலும், ஒரு நாள் தவறவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நீ படுடி, நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது பட்டாணி, "அம்மா, இன்னைக்குப் பாலத்துல போலாமா?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. "சரி, போலாம், கத்தாதே. சித்தி தூங்குறா" என்று அக்கா சொன்னதும் கேட்டது.

நான் தூங்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று அக்கா கேட்டிருப்பாள். கதவு சாத்துகிற சத்தம் வரும்வரை யோசித்தேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிள்ளை கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடியதாம். தளம் விழுந்தபோது அக்கா பத்துப் படி கீழே நின்றிருந்தாள். இப்போது சனிக்கிழமைதோறும் சிறையில் இருக்கும் அத்தானுக்குத் துணி எடுத்துப் போகிறாள், வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். "உனக்கு உள்ளுக்குள்ள என்னமோ தோணியிருக்குடி. அதான் அத்தனை நாளா அவளை அதுல ஏத்தல. தெய்வம் மாதிரி இருந்திருக்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான் மறுக்கவில்லை. நாற்பத்தோரு நாள் வரைக்கும் அவள் சொல்வது உண்மைதானே.

அன்று எனக்குக் காய்ச்சல் இருந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, மருந்துச் சீட்டு இருக்கிறது. மற்றபடி அந்தக் குழந்தை விஷயத்தில் நான் ஒரு நாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.